அக்காவின் கிட்னியும் ஊராரின் இருமலும்

1

எனக்குள் இருக்கிற சிறுநீரகம் என்னுடையது இல்லை. போடிக்கு மேலே மலையில், குரங்கணியில் இருக்கிற என் அக்கா மணிமேகலையுடையது. ஆறு வருஷத்துக்கு முன்னால் அவள் கனடாவுக்கு வந்து ஒன்றை எனக்குக் கொடுத்துவிட்டு, மிச்சமிருந்த ஒன்றோடு ஊர் திரும்பினாள். இன்று அதன் ஆண்டு நாள். டொராண்டோவுக்கு மேற்கே நான் இருக்கிற ஊரில், மருத்துவமனையின் சிறுநீரக மாற்றுப் பிரிவு வருஷா வருஷம் இந்த நாளை ஒட்டி ஒரு வாழ்த்து அட்டையும் பதினாலு பக்கப் படிவமும் அனுப்பும். அட்டையில் பலூன் படம் இருக்கும். படிவத்தில், போன வருஷம் எத்தனை தடவை சளி பிடித்தது, யாரிடமிருந்து, எத்தனை நாள் என்று கேட்டிருக்கும். இரண்டையும் ஒரே ஆள்தான் தயாரிக்கிறார் என்பது என் சந்தேகம். இரண்டிலும் காற்றுதான்.

ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நேரில் சொன்னபோது யாரும் காது கொடுக்கவில்லை, எழுத்திலாவது பார்க்கலாம். அடுத்தவர் உறுப்பு உள்ளே வந்தால் உடம்பு அதை அந்நியன் என்று கண்டுபிடித்து அடித்து விரட்டப் பார்க்கும். அப்படி விரட்டாமல் இருக்க, உடம்பின் எதிர்ப்பு சக்தியைக் குறைத்தே வைத்திருக்க வேண்டும். அதற்குத்தான் காலை எட்டு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் மாத்திரை, மூன்று வகை, ஆயுள் முழுக்க. காவல்காரனுக்குத் தூக்க மருந்து கொடுத்து வைத்திருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் தூங்கினால் அக்காவின் கிட்னி பிழைக்கும். ஆனால் திருடனும் உள்ளே வருவான். உங்களுக்கு மூன்று நாள் மூக்கொழுகி மிளகு ரசத்தோடு போய்விடுகிற ஃப்ளூ, எனக்கு வந்தால் நெஞ்சில் இறங்கி நிமோனியா ஆகலாம். அந்தக் களேபரத்தில் கிட்னியும் போகலாம். போனால் கொடுப்பதற்கு அக்காவிடம் இன்னொன்று கிடையாது.

கனடாக்காரர்களுக்கு இது புரியும் என்று நினைத்துவிடாதீர்கள். நான் தண்ணீர் சோதிக்கிற ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். அங்கே ஒருவர் இருமிக்கொண்டே வேலைக்கு வருவதை வீரம் என்று நினைக்கிறார். முறைப்படி முழங்கைக்குள் இருமுவார். பிறகு அதே முழங்கையால் கதவைத் தள்ளிக்கொண்டு என் அறைக்குள் வருவார். மருத்துவமனையின் தொலைபேசியோ ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து என்று அழுத்த வைத்துவிட்டுப் பியானோ வாசிக்கும். ஆங்கிலத்தில் ஆள்தான் போய்ச் சளியைப் பிடிக்கிறான். நம் ஊரில் சளிதான் வந்து ஆளைப் பிடிக்கிறது. இங்கே வந்து பத்தொன்பது வருஷம் ஆகியும் எனக்கு நம் ஊர்க் கணக்குதான் நாக்கில் வரும். ஒருதரம் அப்படியே சொல்லப்போய், யார் உங்களைப் பிடித்தது, போலீசுக்குச் சொல்லவா என்று ஒரு பெண் பதறிவிட்டாள்.

அக்கா வந்த கதையும் அப்படித்தான். தன் கிட்னியை இங்கே விட்டுவிட்டுப் போக வருகிறவளிடம், திரும்பிப் போவீர்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம் என்று விசா அலுவலகத்தில் கேட்டார்கள். ஏலக்காய் எடுப்பு இருக்கு, போகாம எப்பிடி என்றாளாம். அறுவைக்கு முன்னால் எங்கள் இருவருக்கும் வகுப்பு வைத்தார்கள். மொழிபெயர்க்க ஒரு யாழ்ப்பாணத்து அம்மா. "வடிவா விளங்கினதோ?" என்று அவர் கேட்கும்போதெல்லாம் அக்கா தலையை ஆட்டினாள். பாதி நேரம் கண் செருகிக் கிடந்தது. வெளியே வந்ததும், என்னக்கா புரிஞ்சுச்சு என்று கேட்டேன். புரிய வேண்டியது புரிஞ்சுச்சு என்றாள். அன்று ராத்திரி அதை என் மனைவி செல்வியிடம் நடித்துக் காட்டிச் சிரித்தேன்.

2

இந்தத் தை மாதம் ஊருக்குப் போனோம். பெரியப்பா மகன் முருகேசன் அண்ணன் வீட்டுக் கல்யாணம். போடியில் கீழே ஏலக்காய்க் கடை, மாடியில் வீடு; அங்கேதான் தங்கினோம். எங்கள் மகள் யாமினி வரவில்லை. அவள் வான்கூவரில் இருக்கிறாள். உங்க ஊர்க் கூட்டத்துக்குள்ள நீங்க போறதே பொறுப்பில்லாத காரியம் என்று எனக்கு அரைமணி நேரம் பாடம் எடுத்தாள். தள்ளியிருக்கும் விதியை அவள் மிகக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறவள். நான் ஆரோக்கியமாக இருக்கும்போதும் வந்து பார்ப்பதில்லை.

கிளம்புவதற்கு முன்னால் என் பங்குக்கு எல்லாம் செய்தேன். ஃப்ளூ ஊசி போட்டுக்கொண்டேன். குடும்ப வாட்ஸப் குழுவில், சளி, இருமல், காய்ச்சல் இருப்பவர்கள் தயவுசெய்து என்னிடமிருந்து தள்ளியிருக்கவும் என்று எழுதினேன். பதினேழு பேர் கும்பிடு போட்டார்கள். ஒருவர் கீழேயே ஒரு ரோஜாப் பூவும் காலை வணக்கமும் அனுப்பினார். அக்காவிடம் அந்த மாதிரி போன் இல்லை, பட்டன் போன்தான். அதனால் அவளைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

மண்டபத்தில் நான் மாஸ்க்கோடு நுழைந்ததும் பெண் வீட்டுக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் பேச ஒரு பொது விஷயம் கிடைத்துவிட்டது. கனடாக்காரருக்கு நம்ம காத்து ஆகலையாம் என்று ஒருவர். எங்க மேல அம்புட்டு நாத்தமா அடிக்குது என்று இன்னொருவர், சிரித்துக்கொண்டேதான். ஒன்றரை மணி நேரம் தாக்குப்பிடித்தேன். மேடையில் போட்டோக்காரர், சார் அந்தத் துணிய மட்டும் எறக்குங்க, கொரோனா ஆல்பம் மாதிரி வருது என்றார். எல்லாரும் சிரித்தார்கள். இறக்கினேன். ஆறு வருஷம் காத்த ஒன்றை ஒரு போட்டோக்காரரின் கிண்டலுக்குப் பயந்து இறக்கிய ஆள் நான். ஊராரைத் திட்டுவதற்கு முன்னால் இதையும் எழுதிவிடுகிறேன்.

பந்தியில் பக்கத்து இலை அக்கா. எதுவும் சொல்லாமல் தன் இலையிலிருந்த ஜாங்கிரியை எடுத்து என் இலையில் வைத்தாள். சின்ன வயசிலிருந்தே அவள் அப்படித்தான். நான் தின்றேன். மூன்றாம் நாள் காலையில் தொண்டை அறுத்தது, மதியம் காய்ச்சல்.

3

வெளியூர் வாசகர்களுக்கு எங்கள் ஊர் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். போடியில் ஒருவன் படுத்தால் பார்க்கப் போக வேண்டும். போகாவிட்டால் அது பகை. இருபது வருஷம் கழித்தும், நான் டைபாய்டில் கெடந்தப்ப எட்டிப் பாக்காதவன்தான அவன் என்று கல்யாணப் பத்திரிகை வைக்க மறுப்பார்கள். அதனால் காய்ச்சல் என்று காதில் விழுந்த நொடியில் சாத்துக்குடிப் பை கிளம்பிவிடும். யாருக்கு உடம்பு சரியில்லை, எதனால் என்பதெல்லாம் வந்து உட்கார்ந்த பிறகுதான்.

அன்று சாயங்காலத்துக்குள் மாடிப்படி தேய்ந்துவிட்டது. வந்தவர்கள் கதவோரம் நிற்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்தார்கள். புறங்கையை என் கழுத்தில் வைத்துப் பார்த்தார்கள். அவர்களில் பாதிப் பேர், கல்யாண வீட்டுச் சளி, எனக்குந்தான் மூணு நாளா விடல என்று ஆதரவாகச் சொல்லி என் முகத்துக்கு நேரே இருமினார்கள். ஆளுக்கொரு மருந்தும் வைத்திருந்தார்கள். போடிமெட்டு எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிறவர் அருமையான பம்பளிமாஸ் பழம் இரண்டு கொண்டுவந்தார். நான் தொடவே கூடாத பழம் அது. என் மாத்திரையின் அளவை ரத்தத்தில் எகிற வைத்துவிடும். சாத்துக்குடி தின்கிறவன் இதை ஏன் தின்ன மாட்டேன் என்கிறான் என்று அவர் முகம் சுண்டிப்போய்க் கீழே இறங்கினார்.

கபசுரக் குடிநீரோடு வந்தவர் சுருளி மாமா. எதிர்ப்பு சக்தி கூடும் மாப்ளே, குடிங்க என்றார். கூடக் கூடாது மாமா, கூடாம இருக்கத்தான் மாத்திரையே போடுறேன் என்று காவல்காரன் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அப்ப காசு குடுத்து நோய வாங்கிக்கிட்டு இருக்கீகளா?" என்றார். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஊரெல்லாம் எதிர்ப்பு சக்தி என்று சூரணம் விற்ற மனுஷர். அவரிடம் போய் அந்தச் சரக்கே எனக்கு வேண்டாம் என்றால் எப்படி ஏறும்.

முருகேசன் அண்ணன் செய்ததுதான் உச்சம். தெருமுனை மருந்துக் கடைக்குப் போய், காய்ச்சலுக்கு ஒரு செட் என்று கேட்டு வாங்கி வந்துவிட்டார். இந்த ‘செட்’ எங்கள் பக்கத்துக் கண்டுபிடிப்பு. அட்டையிலிருந்து பிரித்து, வெள்ளையில் ஒன்று, மஞ்சளில் ஒன்று, ரோஸில் பாதி என்று காகிதத்தில் மடித்துத் தருவார்கள். பெயர் கிடையாது. என்ன மாத்திரைண்ணே என்று கேட்டேன். பேரு எதுக்குத் தம்பி, போட்டா வெரசா கேக்கும், எஸ்டேட்டு சனமெல்லாம் இதத்தான் போட்டுட்டு மறுநா ஜீப்பு ஏறுது என்றார்.

செல்வி கடைக்கே போய் அட்டைகளை வாங்கிப் படம் எடுத்து, இங்கே கனடாவில் எங்கள் பிரிவுச் செவிலி மார்கரெட்டுக்கு அனுப்பினாள். பதில் வந்தது. மஞ்சள், வலிக்கான மாத்திரை; கிட்னிக்கு நேர் எதிரி. வெள்ளை, பம்பளிமாஸ் செய்கிற வேலையையே இன்னும் மும்முரமாகச் செய்கிற ஆன்டிபயாடிக். ரோஸைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை, அதற்குள் அந்த அம்மாவுக்கு மூச்சு வாங்கியிருக்க வேண்டும். கடைசி வரி மட்டும் பெரிய எழுத்தில்: இதில் எதையும் தொடாதே, இன்றே பெரிய மருத்துவமனைக்குப் போ, ஃப்ளூ மருந்து என்றால் முதல் இரண்டு நாளுக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன்.

4

மதுரையில் ஒரு மருத்துவமனை. மூக்கில் குச்சி விட்டுச் சோதித்து, ஃப்ளூதான் என்றார்கள். ஸ்கேனில் நெஞ்சின் அடிப்பக்கம் இரண்டு இடத்தில் வெள்ளை. ஊருக்குக் கிளம்பும்போது 1.3 ஆக இருந்த கிரியாட்டினின் இப்போது 2.1. கிட்னி திணறுகிறது என்பதற்கு அந்த எண்தான் அடையாளம். மருத்துவர் வயதில் சின்னவர், நிதானமானவர். கனடாவுக்கே போன் போட்டுப் பேசினார். ஃப்ளூ மருந்தை என் கிட்னியின் நிலைக்குத் தகுந்த அளவில் தொடங்கினார். என் மூன்று மாத்திரையில் ஒன்றை மட்டும் சில நாளைக்கு நிறுத்தினார். மற்ற இரண்டையும் ரத்தம் பார்த்துப் பார்த்துத் தொடர்ந்தார். காவல்காரனைக் கொஞ்சம் எழுப்பிவிட வேண்டும், முழுசாக எழுப்பினால் அவன் அக்காவின் கிட்னியையே அடித்துவிடுவான்.

இது முருகேசன் அண்ணன் காதுக்குப் போனது. "நாந்தான் மொதல்லயே சொன்னேன்ல, அந்த மாத்திரையத் தூக்கிப் போடுன்னு. பெரிய டாக்டரே அதத்தான சொல்றாரு" என்றார். மூன்றையும் தூக்கிப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்லத் தெம்பில்லை. போடி பஜாரில் அவர் இப்போது பாதி டாக்டர்.

மதுரை என்றால் கூட்டம் வராது என்று நினைத்தேன். போடியிலிருந்து ரயில் இருக்கிறதே. நோயாளிக்கு ஒரு பார்வையாளர் பாஸ் என்று மருத்துவமனை விதி. அந்த ஒரு பாஸில் ஒரே நாளில் பதினொரு பேர் வந்தார்கள். ஒருவர் கீழே இறங்கி அடுத்தவர் கையில் கொடுக்க, வாட்ச்மேன் ஒவ்வொருவரையும் அதே மரியாதையோடு உள்ளே விட்டார். ஆக்சிஜன் குழாயோடு கிடந்த என்னிடம், எளச்சுட்டீகளே என்று விசாரித்துவிட்டு, இங்கன மீனாட்சி கோயிலுக்குப் போயிட்டு அஞ்சு மணி ரயிலப் பிடிக்கணும் என்று கிளம்பினார்கள்.

5

இத்தனை பேரில் அக்கா இல்லை.

முதல் நாள் நான் கவனிக்கவில்லை. இரண்டாம் நாள் கவனித்தேன். மூன்றாம் நாள், நெஞ்சில் இறங்கிய பிறகு, கதவு திறக்கும்போதெல்லாம் முதலில் சேலையின் நிறத்தைத்தான் பார்த்தேன். வருகிறவர்களை எல்லாம் மனசுக்குள் வைதுகொண்டிருந்த நான், வராத ஒருத்தியை எண்ணிக்கொண்டு கிடந்தேன். எந்த வழக்கத்தை முட்டாள்தனம் என்று பத்தொன்பது வருஷமாகப் பேசி வந்தேனோ, அது எனக்குள் ஒரு இம்மி குறையாமல் இருந்தது.

மச்சான் மட்டும் ஒருநாள் வந்தார். உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றார். காய் எடுப்பு நடக்குது, அவளுக்குச் சோலி சரியா இருக்கு என்று தரையைப் பார்த்துச் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. காய் எடுப்புக்கு முன்னால் என் உயிர் பெரிசா என்ன. அதற்கு ஊர் உரையும் எழுதியது. "ஒத்தக் கிட்னிக்காரில்ல மாப்ளே. ஒட்டிக்கிரும்னு பயம் இருக்காதா?" என்றார் சுருளி மாமா. எனக்குக் கொடுத்ததை நினைத்து இப்போது வருத்தப்படுகிறாளோ என்றுகூட ஒரு ராத்திரி யோசித்தேன். அவள் செல்வியின் போனுக்குப் பேசினாள், தினமும். மதினி லைன்ல இருக்காங்க, பேசுறீங்களா என்று செல்வி நீட்டும்போதெல்லாம், தூங்குறேன்னு சொல்லு என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

பன்னிரண்டாம் நாள் வீட்டுக்கு விட்டார்கள். கிரியாட்டினின் 1.6. ஒரு வாரம் போடியில் ஓய்வெடுத்துவிட்டு விமானத்துக்குக் கிளம்பினோம். குரங்கணிக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளாமலே கிளம்பினேன். வேண்டுமென்றேதான். வழியனுப்ப வந்த கூட்டம் காரைச் சுற்றி நின்று, இறக்கியிருந்த கண்ணாடி வழியே தலையை விட்டு, பாத்துப் போங்க என்று இருமியது.

அப்போதுதான் பார்த்தேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம், மருந்துக் கடை நிழலில் அக்கா நின்றாள். வாயையும் மூக்கையும் மூடி மாஸ்க். கிட்டே வரவில்லை. கையை மட்டும் தூக்கித் தூக்கி ஆட்டினாள். வரவும் மாட்டாள், மாஸ்க்கும் போட்டுக்கொள்வாள், யாரோ மூன்றாம் மனுஷனுக்குப் போல டாட்டாவும் காட்டுவாள். என் நோய் அவளுக்கு ஒட்டிவிடுமாம். நான் அவளை நேராகப் பார்த்துக்கொண்டே கண்ணாடியை ஏற்றினேன். கார் கிளம்பியது. செல்வி எதுவோ சொல்ல வாயெடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

6

இன்று காலை மார்கரெட் பதினாலு பக்கப் படிவத்தை எங்கள் முன்னால் விரித்தாள். கிரியாட்டினின் 1.4. பழைய இடத்துக்கு வராது, இதுவே நல்லது என்றாள். அக்காவின் கிட்னியில் ஒரு துணுக்கை நான் கல்யாணச் சாப்பாட்டோடு தின்றுவிட்டேன். பிறகு கேள்விகள். உடல்நலமில்லாதபோது எத்தனை பேர் உங்களை வந்து பார்த்தார்கள்? ஏறக்குறைய அறுபது என்றேன். பேனாவை நிறுத்தி, ஆறா என்றாள். அறுபது என்று மறுபடி சொன்னேன். அதற்கு அந்தப் பெட்டியில் இடமில்லை.

அடுத்த கேள்வி: தங்களுக்கு நோய் அறிகுறி இருந்ததால் உங்களைச் சந்திப்பதைத் தவிர்த்தவர்கள் எவரேனும் உண்டா? நான் சிரித்தேன். எங்கள் ஊரில் அப்படி ஒரு பிறவி கிடையாது, மேலே போங்கள் என்றேன்.

"இருக்காங்க" என்றாள் செல்வி.

கல்யாணத்துக்கு மறுநாளே அக்காவுக்குக் காய்ச்சல்; அது விட்டும் இருமல் மூன்று வாரமாக விடவில்லை. எனக்கு வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும் ஜீப்பில் போடிக்கு இறங்கியிருக்கிறாள். மாடி ஏறவில்லை. எதிர்த்த டீக்கடையில் நின்று, பார்த்துவிட்டு இறங்கி வருகிறவர்களிடம் விசாரித்துவிட்டுக் கடைசி ஜீப்பில் திரும்பியிருக்கிறாள். மதுரைக்கும் வந்திருக்கிறாள். இரண்டு நாள் கேட்டுக்கு வெளியே மரத்தடியில் மாஸ்க்கோடு உட்கார்ந்திருந்து, எண் எவ்வளவு, எண் எவ்வளவு என்று செல்வியைப் போனில் கேட்டிருக்கிறாள். ஊரே கிட்னி கொடுத்தவள் எட்டிப் பார்க்கவில்லை என்று பேசியது அவள் காதுக்கும் போயிருக்கிறது. அறுவைக்கு முன்னால் நடந்த அந்த வகுப்பில் கொடுத்த தமிழ்த் தாளை மடித்து இன்னும் பர்ஸில் வைத்திருக்கிறாளாம். என்னிடம் சொல்லக் கூடாது என்று செல்வியிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். "அந்த ஜாங்கிரில போயிருக்குமோ என்னமோ செல்வி. குடுத்தவளே கெடுத்துட்டேன்னு அவன் ஒருநாளும் நெனைக்கக் கூடாது."

யாரிடமிருந்து வந்தது என்று யாருக்குத் தெரியும். மேடையில் என்னைச் சுற்றி நாற்பது பேர் நின்றார்கள். மார்கரெட் பேனாவோடு காத்திருந்தாள். அந்தப் பெயரைச் சொல்ல முடியுமா என்று கேட்டாள். நான் கோப்பின் முதல் பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். கொடையாளர் என்ற இடத்தில் அந்தப் பெயர் ஏற்கெனவே இருந்தது.

மருத்துவமனைக் கார் நிறுத்துமிடத்திலிருந்தே போன் போட்டேன். குரங்கணியில் இரவுச் சாப்பாட்டு நேரம். எடுத்ததும், எண் எவ்வளவு அப்பு என்றாள். சொன்னேன். நல்லாருக்கு, நல்லாருக்கு என்றாள். செல்வி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள் என்று சொன்னேன்.

"அக்கா, அன்னைக்கு ஒன்னப் பாத்துட்டே கண்ணாடிய ஏத்துனேன்க்கா" என்றேன். அதற்கு மேல் சொல்ல முடியாமல் அழுதேன்.

"அதுக்கு ஏண்டா அழுகுற? அத்தன பேரும் ஜன்னல்ல தலைய விட்டு இருமிக்கிட்டு நிக்கிறானுக. கண்ணாடிய ஏத்துடா, ஏத்துடான்னுதான நான் அந்தப் பக்கம் நின்னு கையக் காட்டுனேன். என்னையப் பாத்ததும் வெரசா ஏத்திட்ட. ஊருல ஒருத்தனும் நான் சொன்னதக் கேக்கல, எந்தம்பி கேட்டுட்டான்னு அன்னைக்குத்தான் நிம்மதியா ஜீப்பு ஏறுனேன்."